எலும்பு வளர்க்க ஸ்டெம் செல் மட்டும் ஏன் போதவில்லை? ரத்தக்குழாய் செல்லையும் சேர்த்து வளர்க்கும் ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

பொள்ளாச்சியில் இருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முதலமடை. தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் வந்துபோகும் ஊர். மற்ற ஊர்களில் மாம்பூ பிஞ்சு பிடிப்பதற்கு முன்பே இங்கே காய் லாரி ஏறிவிடும். இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், "மரத்துல இருந்து விழுந்துட்டார்", "பைக்கை லாரி தட்டிருச்சு" என்று வரும் போன் கால் புதிதாக இருக்காது. முதலுதவி முடிந்ததும் ஆம்புலன்ஸ் பாலக்காட்டுக்கோ, திருச்சூருக்கோ, கோவைக்கோ ஓடும்.

பெரும்பாலான எலும்பு முறிவுகள் மாவுக்கட்டிலோ, உள்ளே கம்பியும் பிளேட்டும் வைத்தோ சேர்ந்துவிடும். உடைந்த எலும்பின் நடுவில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால்தான் சிக்கல். ரோட்டில் சிதறியிருக்கலாம், சீழ் பிடித்து டாக்டர் வெட்டி எடுத்திருக்கலாம், கட்டி வந்து அகற்றியிருக்கலாம். நாலைந்து சென்டிமீட்டர் வெற்றிடம். அதைத் தாண்டி எலும்பு தானாக வளராது. அப்போதுதான் "போன் கிராஃப்ட்" என்ற வார்த்தை வீட்டுக்குள் நுழைகிறது. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்பார்: "இப்பல்லாம் ஸ்டெம் செல் வச்சு எலும்பையே வளர்த்துடறாங்களாமே?"

வளர்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் லேபில், எலியில், ஆட்டில். மனிதருக்கு ஏன் இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை என்பதற்குக் காரணம் ஸ்டெம் செல் அல்ல. ரத்தம்.

முதலமடையில் ஒட்டு மாங்கன்று கட்டுபவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நல்ல தாய்மரத்துக் குச்சியை வேர்க்கன்றில் சொருகிக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. இரண்டின் பட்டைக்கும் அடியில் இருக்கும் பச்சைப் படலம் ஒன்றோடொன்று சேர்ந்து சாறு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் குச்சி காய்ந்துவிடும். கிராஃப்ட் என்றாலும் ஒட்டுதான். எலும்பிலும் பிரச்னை அதேதான்.

எலும்புக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு?

எலும்பு என்றால் காய்ந்த சுண்ணாம்புக் குச்சி என்று பள்ளிக்கூட எலும்புக்கூட்டைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்கிறோம். உயிரோடு இருக்கும் எலும்பு வேறு. இதயம் பம்ப் செய்யும் ரத்தத்தில் சுமார் 10 சதவீதம் எலும்புகளுக்குப் போகிறது. எலும்பு உடைந்ததும் அந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். பிறகு மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைத்து உள்ளே வரும். அவற்றை ஒட்டித்தான் புது எலும்பு உருவாகும்.

ரத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கோவிட் காலத்தில் பலருக்கும் அறிமுகமானது. அதிக ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி செத்துப்போவது பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்பார்கள். ரத்தம் கிடைக்காமல் எலும்பு சாவது என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தமே.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்னெலும்பான டிபியா இந்த விஷயத்தில் பாவப்பட்ட எலும்பு. காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோல், அடுத்து எலும்பு, அவ்வளவுதான். நடுவில் தசை இல்லை. அதனால் அடிபட்டால் சீக்கிரம் வெளியே தெரியும், ரத்த ஓட்டமும் சீக்கிரம் கெடும். கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள் 2006ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை, இப்படித் தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவுகளுக்கானது. எலும்புக்கு ஒரு மதிப்பெண், மேலே மூடும் தோலுக்கு ஒன்று, தசை, தசைநாண், நரம்புக்கு ஒன்று, நோயாளியின் மற்ற நோய்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுவார்கள். காலைக் காப்பாற்ற முடியுமா என்பதை எலும்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் அனுபவம். சிகரெட் பிடிப்பீர்களா, சுகர் இருக்கா என்று எலும்பு டாக்டர் துருவித் துருவிக் கேட்பதற்கும் காரணம் இதுதான். இரண்டுமே ரத்த ஓட்டத்தைக் கெடுத்து எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும்.

லேபில் எலும்பு எப்படி வளர்க்கிறார்கள்?

அடிப்படை சிம்பிள்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு சட்டகம். எலும்பில் இயல்பாக இருக்கும் தாதுவுக்கு நெருக்கமான ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற செராமிக்கில் அதைச் செய்வார்கள். அதில் எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்த மெசன்கைமல் ஸ்டெம் செல்களை விதைப்பார்கள். எலும்பாக மாறச் சொல்லும் மருந்துகளை ஊட்டுவார்கள். சில வாரங்களில் செல்கள் கால்சியத்தைப் படியவைக்க ஆரம்பித்துவிடும்.

மஜ்ஜையில் இப்படி எலும்பு உருவாக்கும் செல்கள் இருப்பதை சோவியத் விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960களிலேயே காட்டத் தொடங்கினார். 2001ல் இத்தாலிய விஞ்ஞானிகள் பங்கேற்ற குழு ஒன்று, கை கால் எலும்பில் பெரிய இடைவெளி இருந்த 3 பேருக்கு அவரவர் சொந்த செல்லை செராமிக்கில் வைத்துப் பொருத்திய விவரத்தை வெளியிட்டது.

நம்ம பக்கத்திலும் வேலை நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தை இதய வால்வுக்காகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990ல் முதல்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அங்கே உருவானது. அதே நிறுவனத்தின் பூஜப்புரா வளாகத்தில் எலும்புக்கான செராமிக்குகளையும் செய்கிறார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் மேல் சிலிக்கேட் கலந்த பூச்சு கொடுத்த ஒரு சாரத்தில், ஆட்டின் சொந்த ஸ்டெம் செல்லையும் ரத்தத்தட்டு செறிவையும் சேர்த்து, அதன் தொடை எலும்பில் வெட்டிய இடைவெளியில் வைத்து சோதித்தார்கள். 2009ல் அந்த ஆய்வு வெளியானது. எலியைவிட ஆடு ஏன் முக்கியம்? ஆட்டின் தொடை எலும்பு எடையைத் தாங்கும், அளவிலும் மனித எலும்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அப்புறம் எங்கே இடிக்குது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உடலில் ஒரு செல் உயிரோடு இருக்க, அருகில் உள்ள ரத்தக்குழாயில் இருந்து 100 முதல் 200 மைக்ரான் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் கசிந்து போய்ச் சேரக்கூடிய தூரம் அவ்வளவுதான். 200 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

இப்போது 1 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சாரத்தைக் காலுக்குள் வைக்கிறீர்கள். அதன் மையம் ஓரத்தில் இருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே. ஆக்சிஜன் எட்டும் தூரத்தைப் போல 25 மடங்கு. வெளியில் இருந்து ரத்தக்குழாய்கள் வளர்ந்து உள்ளே வரும்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. செல்களோ அத்தனை நாள் பட்டினி தாங்காது. விளைவு: ஓரத்தில் நல்ல எலும்பு, நடுவில் செத்த செல்கள். லேபில் இந்தத் தொல்லை தெரியாது, ஏனென்றால் அங்கே சாரம் ஊட்டத் திரவத்தில் மூழ்கி இருக்கிறது, சாம்பிளும் சின்னது. எலியிலும் பெரிசாகத் தெரியாது, எலியின் எலும்பே சின்னது. மனிதக் கால் அளவுக்கு வரும்போதுதான் இடிக்கிறது. "எலியில் வெற்றி" என்று வரும் தலைப்புச் செய்திகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு செல்லையும் ஒரே தட்டில்

ரத்தக்குழாய் வெளியில் இருந்து வரும்வரை காத்திருக்காமல், அதை உருவாக்கும் செல்லையும் முதலிலேயே சாரத்துக்குள் விதைத்துவிட்டால் என்ன? இதுதான் கோ-கல்ச்சர், அதாவது கூட்டு வளர்ப்பு. ரத்தக்குழாயின் உள்சுவரில் ஓடு பதித்தது போலப் படிந்திருக்கும் செல்களுக்கு எண்டோதீலியல் செல் என்று பெயர். அவற்றை ஸ்டெம் செல்லோடு கலந்தால், தாமாகவே நீண்டு, கை கோத்து, நுண்ணிய குழாய் வலை பின்னத் தொடங்குகின்றன. பின்பு உடலுக்குள் வைக்கும்போது, உள்ளே தயாராக இருக்கும் வலையும் உடலில் இருந்து வரும் குழாயும் நடுவழியில் சந்தித்து இணைந்துகொள்ள வேண்டும். முழுத் தூரத்தையும் ஒரே பக்கமிருந்து தோண்டாமல் இரண்டு பக்கமிருந்தும் சுரங்கம் வெட்டுவது மாதிரி.

ஆய்வாளர்களுக்கு எண்டோதீலியல் செல் கிடைப்பது 1973க்குப் பிறகு சுலபமானது. அந்த வருஷம்தான் தொப்புள்கொடியின் சிரையில் இருந்து அவற்றைப் பிரித்து வளர்க்கும் முறை வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு தூக்கிப்போடும் கொடிதான் இன்றுவரை பல லேப்களுக்கு மூலப்பொருள். (ஒரு குறுக்குச் செய்தி: குழந்தை பிறந்ததும் கட்டணம் கட்டி வங்கியில் சேமிப்பது இந்த செல்லை அல்ல, கொடியில் உள்ள ரத்தத்தை. அதன் நிரூபிக்கப்பட்ட பயன் ரத்த நோய்களுக்குத்தான். கால் எலும்பு உடைந்தால் உதவும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.)

ஆச்சரியம் என்னவென்றால், இந்த இரண்டு செல்லும் பக்கத்தில் சும்மா இருப்பதில்லை, ஒன்றுக்கொன்று வேலை செய்கின்றன. ஸ்டெம் செல் சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் ரத்தக்குழாயை வளரச் சொல்கிறது. எண்டோதீலியல் செல் சுரக்கும் பிஎம்பி-2 ஸ்டெம் செல்லை எலும்பாக மாறச் சொல்கிறது. அதோடு நேரடித் தொடுதலும் தேவை. இரண்டு வகை செல்களின் சுவர்களுக்கு இடையே திறக்கும் நுண்ணிய வாசல் வழியாகப் பரிமாற்றம் நடந்தால்தான் எலும்பாக மாறும் வேகம் கூடுகிறது என்று பிரான்ஸின் போர்தோ நகரக் குழு 2002ல் காட்டியது. 2005ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இரண்டையும் சேர்த்து எலியில் வைத்தபோது, ஸ்டெம் செல்லை மட்டும் வைத்ததைவிட அதிக எலும்பு உருவானது.

இன்னொரு பிரச்னையும் இதில் தீர்ந்தது. எண்டோதீலியல் செல்லை மட்டும் வைத்தால் பின்னும் குழாய்கள் சீக்கிரமே கலைந்துவிடும். தாங்கிப் பிடிக்கத் துணை செல் வேண்டும். பாஸ்டனில் 2004ல் நடந்த சோதனையில், துணை செல்லோடு வைத்த குழாய்கள் எலியின் உடலில் ஒரு வருஷம் வரை ரத்தம் ஓடும் நிலையில் இருந்தன. ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி குழாயின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு இந்தத் துணை வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

2014ல் இந்தத் துறைக்கே ஒரு திருப்பம். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்து, 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்றின் முதல் ஆசிரியர் அஞ்சலி குசும்பே, இன்னொன்றின் முதல் ஆசிரியர் சரவணா ராமசாமி. எலும்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை, அதில் 'டைப் எச்' என்று பெயர் வைத்த ஒரு ரகத்தைச் சுற்றித்தான் எலும்பு உருவாக்கும் செல்கள் கூடியிருக்கின்றன என்று இந்த வேலை காட்டியது. எலிகளுக்கு வயதாக ஆக அந்த ரகம் குறைந்துகொண்டே போனது. அதுவரை ரத்தக்குழாயை சாப்பாடு கொண்டுவரும் பைப்லைன் என்று பார்த்தவர்கள், அதை எலும்பு வேலைக்கு உத்தரவு போடும் மேஸ்திரியாகவும் பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டு வளர்ப்பில் 'ஏதோ ஒரு குழாய் வந்தால் போதும்' என்ற நிலை மாறி, 'எந்த ரகக் குழாய்?' என்ற கேள்வி வந்தது இதற்குப் பிறகுதான்.

கஷ்டம் எங்கே?

ரொம்ப சாதாரணமான இடத்தில்: சாப்பாட்டில். ஸ்டெம் செல்லை எலும்பாக்க ஊட்டும் திரவத்தில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். அதுவே ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும். எண்டோதீலியல் செல்லுக்குப் பிடித்த திரவத்தில் வைத்தால் அது செழிக்கும், ஸ்டெம் செல் எலும்பாக மாற மறுக்கும். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பத்தியம், இன்னொருவருக்கு பிரியாணி என்றால் என்ன சமைப்பது? பாதிக்குப் பாதி கலக்கிறார்கள், முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று மாற்றுகிறார்கள். எந்த விகிதத்தில் செல்களைப் போடுவது, யாரை முதலில் விதைப்பது என்பதிலும் லேபுக்கு லேப் வழி வேறு.

அடுத்தது, செல் யாருடையது என்ற கேள்வி. தொப்புள்கொடி செல் நோயாளிக்கு அந்நியம், உடல் எதிர்க்கும். அவருடைய சொந்த எண்டோதீலியல் செல்லை எடுக்கலாம், ஆனால் பெரியவர்களிடம் அது குறைவாகக் கிடைக்கும், மெதுவாகப் பெருகும். சில சென்டிமீட்டர் இடைவெளியை நிரப்பக் கோடிக்கணக்கில் செல் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் மிகச் சுத்தமான லேப் வேண்டும். காலில் திறந்த காயத்தோடு படுத்திருப்பவரிடம் அவ்வளவு நேரம் இல்லை.

மனிதரிடம் முயன்று பார்த்தார்களா?

கிட்டத்தட்ட. சுவிட்சர்லாந்தின் பாசல் குழு ஒரு குறுக்குவழியைப் பிடித்தது. நம் உடல் கொழுப்பிலேயே ஸ்டெம் செல்லும் எண்டோதீலியல் செல்லும் கலந்தே இருக்கின்றன. லேபில் வாரக்கணக்கில் வளர்க்காமல், ஆபரேஷன் நடக்கும்போதே கொழுப்பை உறிஞ்சி, செல்களைப் பிரித்து, செராமிக் துகளோடு சேர்த்து, தோள்பட்டைக்குக் கீழே கை எலும்பு முறிந்தவர்களுக்கு வைத்தார்கள். 62 முதல் 84 வயதுள்ள 8 பேர். 2016ல் வெளியான அந்த ஆய்வில், பின்னர் எடுத்த திசுச் சாம்பிள்களில், பழைய எலும்பில் இருந்து நீண்டு வராமல் தனித்தனியாக முளைத்த குட்டி எலும்புத் திட்டுகளைப் பார்த்தார்கள். வைத்த செல்கள் வேலை செய்ததற்கான அறிகுறி அது. ஆனால் 8 பேரை வைத்து, 'இது வழக்கமான சிகிச்சையைவிட மேல்' என்று சொல்ல முடியாது. ஆய்வின் நோக்கமும் பாதுகாப்பைப் பார்ப்பதுதான்.

இன்னொரு வழி 2004ல் ஜெர்மனியின் கீல் நகரில் நடந்தது. புற்றுநோயால் கீழ்த்தாடையை இழந்த ஒருவருக்கு, தாடை வடிவத்தில் டைட்டானியம் வலைக்கூடு செய்து, எலும்புத் தாதுவையும், எலும்பை வளரத் தூண்டும் புரதத்தையும், அவருடைய மஜ்ஜையையும் நிரப்பி, அவரது முதுகுத் தசைக்குள்ளேயே 7 வாரம் வைத்திருந்தார்கள். முதுகில் இருந்தபடியே அதற்குள் ரத்தக்குழாய்கள் புகுந்தன. பிறகு தசையோடும் குழாய்களோடும் எடுத்து முகத்தில் பொருத்தினார்கள். மாமரத்தில் 'நெருக்கு ஒட்டு' என்பார்களே, தாய்மரத்துக் கிளையை வெட்டாமலே பக்கத்தில் உள்ள கன்றோடு கட்டி, சாறு ஏறியது உறுதியான பிறகு வெட்டுவது, அதே உத்தி. உடலையே லேபாக்கிவிட்டால் ரத்தப் பிரச்னை தீரும். ஆனால் ஒருவருக்கு இரண்டு பெரிய ஆபரேஷன்.

இன்று பெரிய இடைவெளிக்கு உங்கள் ஊர்ப்பக்கத்து நல்ல மருத்துவமனைகள் தருவதும் ரத்தத்தைச் சுற்றிய வழிகள்தான். இடுப்பெலும்பைச் சுரண்டி வைப்பது பழைய முறை. காலின் பக்கவாட்டு எலும்பான ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தைத்து இணைக்கும் முறையை 1975ல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் வெளியிட்டார். சைபீரியாவின் குர்கானில் இலிஸாரோவ் கண்டுபிடித்த வளையச் சட்டம், எலும்பை வெட்டி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுக்கிறது. இழுக்கும் இடைவெளியில் குழாயும் எலும்பும் சேர்ந்தே வளரும். மாதக்கணக்கில் காலில் கம்பி வளையம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வேலை செய்கிறது.

உங்க வீட்டில் யாருக்காவது 'ஸ்டெம் செல்' என்று சொன்னால்?

முதலில் என்ன செலுத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். பிஆர்பி என்றால் அது ரத்தத்தட்டு, ஸ்டெம் செல்லே கிடையாது. இடுப்பெலும்பு மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கி, அன்றைக்கே ஊசியில் போடுவது இன்னொன்று. அதில் ஸ்டெம் செல் மிகக் கொஞ்சம், லேபில் வளர்த்ததும் இல்லை. லேபில் வளர்த்த செல் என்று சொன்னால்தான் கவனம் அதிகம் தேவை. இந்தியாவில் 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஸ்டெம் செல்லில் இருந்து உருவாக்கும் தயாரிப்பு எப்போதுமே 'புதிய மருந்து'தான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. எலும்பு, மூட்டு விஷயத்தில் அப்படி ஒப்புதல் பெற்றவை ஒரு சில உண்டு. நோயாளியின் சொந்த எலும்பு செல்லை வளர்த்து, மேலே சொன்ன இடுப்பு எலும்புச் சாவுக்குக் கொடுக்கும் ஒரு தயாரிப்புக்கு 2017ல் ஒப்புதல் கிடைத்தது. அது முதிர்ந்த எலும்பு செல், ஸ்டெம் செல் இல்லை. அதற்கு வாங்கிய ஒப்புதல் உடைந்த டிபியாவுக்குச் செல்லாது.

ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலில் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டுமே. மற்றவை, ஒப்புதல் வாங்காதவரை, சோதனைதான். சோதனையில் சேர்வது தப்பே இல்லை, யாராவது சேர்ந்தால்தான் இந்தத் துறை ஆட்டைத் தாண்டி மனிதரிடம் வரும். ஆனால் சோதனை என்றால் சிடிஆர்ஐ எனும் அரசுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும், சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. அந்த எண்ணைக் கேளுங்கள். சிடிஆர்ஐ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எந்த மருத்துவமனை, எத்தனை பேர், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது வரை அதில் இருக்கும். மொபைலில் ஐந்து நிமிஷ வேலை.